மீன் லோரிப் பெட்டிக்குள் ஆப்பிள் மரம்

என் மனைவியின் பெரியம்மா கிள்ளானில் ஆப்பிள் வளர்க்கிறார். இதைச் சொன்னதும், "ஆப்பிள்னா? போனா?" என்று கேட்பார்கள். பழம்தான் என்பேன். "ஓ, கேமரன்மலைக் குளிர்லயா?" என்பார்கள். கிள்ளானில்தான். காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற கிள்ளானில், வரிசை வீடு ஒன்றின் முன்புறம், மற்றவர்கள் கார் நிறுத்துகிற இடத்தில்.

எனக்கு அவர் அத்தை முறை. வயது எழுபத்தாறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்கிடங்கில் முப்பது வருஷம் வேலை செய்தவர். கணவர் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. அவர் ஆப்பிள் கன்று வாங்கிய முதல் வருஷம் குடும்பத்தில் அதைப் பொழுதுபோக்கு என்றார்கள். இரண்டாம் வருஷம் பழைய மீன் லோரி ஒன்றின் குளிர்பெட்டியை வாங்கி வீட்டு முன்னால் இறக்கியபோது அது கவலையாக மாறியது. எங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுவது என்றால் வாட்சப் குழுவில் அவரைப் பற்றிப் பேசுவது என்று அர்த்தம். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், "டாக்டரிடம் காட்டுவது நல்லது" என்று எழுதினார். அதற்குக் கீழே பதினோரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நேரில் போய்ப் பார்ப்பது வேறு இலாகா. அதற்கு ஆள் யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலகம் கேக் வெட்டி, கைதட்டி, எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பால்கனிப் புறாக்களைத் திட்டுவதுதான் முழுநேர வேலை. தைப்பூசம் முடிந்த வாரம் அத்தை என் மனைவிக்குப் போன் செய்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு சும்மாதான இருக்காரு? சனிக்கெழம அனுப்பு. விண்டர் முடியுது."

மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இலாகாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினேன். எல்லா நாளையும் போலவே அது இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்று, ஏன் நின்றோம் என்று யோசித்து, பதில் கிடைக்காமல் மறுபடி கிளம்பியது. கிள்ளானில் இறங்கி அத்தை குடியிருக்கும் தாமானுக்கு, அந்த வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ், ஆன்டி ஜுவால் ஐஸ்கிரீம் கா?" என்று கேட்டார். ஆன்டி ஐஸ்கிரீம் விற்கிறாரா என்று. ஆறு வாரமாகப் பெட்டி இரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கேட்பதற்குச் சங்கடப்பட்டு, ஆண்பிள்ளை ஒருவர் வரட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. இல்லை, ஆப்பிள் வளர்க்கிறார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழாயோடு அடுத்த செடிக்கு நகர்ந்தார். அத்தையைப் பற்றி இருந்த சந்தேகம் இப்போது என் மேலும் விழுந்துவிட்டது.

அத்தை கைலியும், ஏதோ மாரத்தான் ஓட்டத்தில் இலவசமாகக் கொடுத்த டீசட்டையும் போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் பஸ்ஸுக்குக்கூட ஓடியவர் அல்ல.

"வாங்க மாப்ள. ரயிலு நடுவுல நின்னிச்சா?"

"நின்னுச்சி அத்தை."

"அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தாங்க, இத மாட்டிக்குங்க."

காபி வரும் என்று பார்த்தால் கிடங்கில் போடுகிற தடித்த பஞ்சு ஜாக்கெட் ஒன்று வந்தது. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளானில், நான் கழுத்துவரை ஜிப் போட்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விடும் சத்தம் நின்றுபோனது.

பெட்டியின் பக்கவாட்டில் சிரிக்கிற மீன் ஒன்றின் படம் பாதி அழிந்து இருந்தது. வெட்டி விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் அந்த மீன் எதற்குச் சிரித்தது என்பதை வரைந்தவர்தான் சொல்ல வேண்டும். அத்தை கதவின் இரும்புக் கொண்டியைத் தூக்கினார். உள்ளே இருட்டு, ஐந்து டிகிரி குளிர், இருபது வருஷத்து மீன் வாடை. நடுவில் பாதியாக அறுத்த இரண்டு நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒவ்வொன்றிலும் என் உயரத்துக்கு ஒரு குச்சி. இலை இல்லை, மொட்டு இல்லை. சாமி ஊர்வலத்துக்குக் கொடி கட்ட நட்டுவிட்டு மறந்துபோன கம்புகள் மாதிரி இருந்தன.

செய்தியை எப்படிப் பதமாகச் சொல்வது என்று யோசித்தேன்.

"அத்தை, ரெண்டும் போயிடுச்சி போல இருக்கே."

அத்தை கட்டை விரல் நகத்தால் ஒரு குச்சியின் பட்டையை லேசாகச் சுரண்டினார். அடியில் பச்சை தெரிந்தது, இளம் வெண்டைக்காயின் பச்சை.

"செத்தது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள. பத்து வருஷம் மீனு பாத்தவ நானு. இது தூங்குது."

ஆப்பிள் மரம் வருஷத்துக்கு ஒருமுறை குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூக்குமாம். கிள்ளானில் குளிர் வராது என்பதால் அத்தை மரத்தைக் குளிருக்குக் கூட்டிப்போகிறார். அதற்கு முன்னால் இலை உதிர வேண்டும். கிள்ளானில் அதுவும் தானாக நடக்காது. அதனால் ஒவ்வோர் இலையாகக் கையாலேயே கிள்ளிப் போடுவார். இந்த ஊரில் இலையுதிர் காலம் என்பது அத்தையின் பத்து விரல்கள். இலையெல்லாம் கிள்ளியபின் ஆறு வாரம் பெட்டிக்குள். மார்கழியில் தொடங்கி இன்றோடு முடிகிறது. விண்டர் எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் உலகத்திலேயே இவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரிடம் அதற்குரிய தோரணையும் இருந்தது.

"தள்ளுங்க."

பீப்பாய்களுக்கு அடியில் சக்கரம் வைத்த பலகை. பெட்டியிலிருந்து தரைக்கு ஒரு சரிவுப் பலகை. முதல் பீப்பாயைத் தள்ளினேன். வாசலில் சக்கரம் சிக்கியது. இன்னும் பலமாகத் தள்ளினேன். சக்கரம் விடுபட்டது. என் இடுப்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்றேன்.

"கெளை ஒடிஞ்சிருச்சா?" என்று அத்தை உள்ளே இருந்து பதறினார்.

"இல்ல அத்தை. நான்தான்."

"நல்ல வேள."

இரண்டாவது பீப்பாயை, சத்தம் கேட்டு வந்த சீன அங்கிளும் அத்தையும் இறக்கினார்கள். நான் ஜாக்கெட்டோடு படியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். மீன் வாடை அங்கிளுக்குப் பழக்கம் போல, உள்ளே போய்ப் பெட்டியின் மோட்டாரை எல்லாம் பார்த்துவிட்டு வந்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

மதியம் அத்தை நெத்திலிச் சம்பலும் பருப்பும் போட்டார். இடுப்பில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அத்தை, எதுக்கு ஆப்பிளு? ரம்புத்தான் வெச்சா அதுபாட்டுக்குக் காய்க்கும்லா. அடுத்த வீட்டுக்காரங்களே வந்து பறிச்சிட்டுப் போவாங்க."

"ரம்புத்தான் காய்க்கறத பாத்திருக்கேன்." தட்டில் பருப்பு ஊற்றினார். "மீனு ரூம்ல பத்து வருஷம். அப்புறம் பழத்து ரூம்ல இருபது வருஷம். பெட்டி பெட்டியா ஆப்பிளு வரும். அடிபட்டத பொறுக்கி வேற பெட்டியில போடணும், அதான் வேல. எத்தன லச்சம் ஆப்பிளு கையில எடுத்திருப்பேன், தெரியாது. அது மரத்துல எப்படித் தொங்கும்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

"யூடியூப்ல பாக்கலாமே."

"யூடியூப்ல ஒங்க இடுப்ப நீவி விடறாங்களா?"

சம்பலைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து குழுவில் அறிக்கை கொடுத்தேன். பெரியம்மா தெளிவாக இருக்கிறார், மரம் தூங்கி எழுந்திருக்கிறது, என் இடுப்பு தூங்கப்போகிறது என்று எழுதினேன். "இடுப்பையும் டாக்டரிடம் காட்டுவது நல்லது" என்றார் மச்சான். மறுபடியும் பதினோரு கைகூப்பல்.

மூன்று வாரம் கழித்து அத்தை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மனைவியையும் வரச் சொன்னார், புருவத்துக்கு மை போடுகிற மெல்லிய பிரஷ் ஒன்றும் வேண்டும் என்றார். போய்ப் பார்த்தபோது என் வாயில் தயாராக வைத்திருந்த கிண்டல் வெளியே வரவில்லை. குச்சிகளில் பூ வந்திருந்தது. வெள்ளை, விளிம்பில் மட்டும் ரோஸ். அந்த வெயிலுக்கும் சிமென்ட் தரைக்கும் பக்கத்தில் ஓடுகிற லோரிகளுக்கும் கொஞ்சமும் பொருந்தாத பூ. யாரோ தவறான முகவரிக்கு அனுப்பிவிட்ட பார்சல் போல அது அங்கே இருந்தது.

ஒரு மரத்தின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு மரத்தின் பூவில் தடவ வேண்டும். ஒரே மரம் தனக்குத் தானே காய்க்காது, அதற்காகத்தான் இரண்டு. இந்த ஊர்த் தேனீக்களுக்கு ஆப்பிள் பூ என்றால் என்னவென்று தெரியவில்லை, சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மல்லிகைக்குப் போய்விட்டன. அத்தைக்கு இப்போது கண் அவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதில்லை.

"மெதுவாலா. புருவம் வரையற மாதிரி. குத்தக் கூடாது" என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். மனைவி நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தொட்டாள். எங்கள் திருமண வாழ்க்கையில் அவள் இவ்வளவு கவனமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குக் குடை பிடிக்கிற வேலை. குடை பூவுக்கு.

அவள் எடுத்த படத்தைக் குழுவில் போட்டாள். அதோடு கவலை முடிந்தது, பெருமை தொடங்கியது. முதலில் ஒருவர் பிளாஸ்டிக் பூவா என்று கேட்டார். அடுத்த அரைமணி நேரத்தில் எல்லோரும் ஆப்பிள் விவசாயிகள் ஆனார்கள். முட்டை ஓட்டுத் தூள் போடச் சொன்னார் ஒருவர். பால் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். மச்சான், "எங்கள் பெரியம்மாவின் விடாமுயற்சி" என்று தலைப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். டாக்டர் அதில் எங்கும் வரவில்லை.

ஐந்து காய் பிடித்தது. மூன்று சுண்டைக்காய் அளவில் உதிர்ந்துவிட்டன. ஒன்றை அணில் தின்றது. அதற்குக் குளிர்நாட்டுப் பழம், வெப்பநாட்டுப் பழம் என்ற பேதம் எதுவும் கிடையாது. மிஞ்சியது ஒன்று. அத்தை அதற்குக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினார். பகல் முழுக்க எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த நான்கு மாதமும் நான் வாரம் ஒருமுறை கிள்ளானுக்குப் போனேன். இடுப்புக்கு எண்ணெய் போட்டு நீவுகிற ஆள் அங்கே இருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். ஆள் இருந்தது உண்மை. இரண்டு முறை போனேன். மற்ற நாள்களெல்லாம் அத்தைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பச்சை உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் அலுவலகத்தில் எதையெதையோ கண்காணித்தேன். அதில் எதுவும் இவ்வளவு மெதுவாகச் சிவந்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பமே கூடி ஆப்பிளைப் பறிப்பது என்று குழுவில் முடிவானது. அத்தை அந்தக் குழுவில் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.

"எத்தன பேரு?" என்றார்.

"பதினெட்டுன்னு சொல்றாங்க."

"பழம் ஒண்ணு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் கார்கள் வந்து தாமானின் சந்துகளை அடைத்தன. கூடாரம் போட்டிருந்தார்கள். வாழையிலைச் சாப்பாடு வந்திருந்தது. ஆப்பிள் வடிவத்தில் ஒரு கேக் வந்திருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று இரண்டு வீட்டார் ஆப்பிள் விளைவிக்கிறவருக்குப் பரிசாகச் சூப்பர்மார்க்கெட் ஆப்பிள் ஆளுக்கொரு பை வாங்கி வந்திருந்தார்கள். மச்சான் பட்டுச் சட்டையில், கைப்பிடியில் ரிப்பன் கட்டிய கத்தியோடு வந்திருந்தார். பேச்சுக்குத் தாள் வேறு. "முயற்சி" என்ற சொல் அதில் ஏழு இடத்தில் வந்தது. ரயிலில் வந்து களைத்திருந்த எனக்கு அதை முன்கூட்டியே வாசித்துக் காட்டினார்.

பேச்சு முடிந்தது. கைதட்டல். மச்சான் கத்தியோடு மரத்தை நெருங்கி, போனில் படம் பிடிப்பவர்களுக்காக ஒரு கணம் நின்று, பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைவிட்டார். பையை உதறினார். குனிந்து பீப்பாய்க்குள் பார்த்தார்.

"பழத்த காணோம்."

எல்லோரும் முதலில் கூரையைப் பார்த்தார்கள், அணிலை எதிர்பார்த்து. பிறகு பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தார்கள். அங்கிள் பாவம், சாப்பிட அழைத்திருந்ததால் கூடாரத்தில் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக என் பக்கம் திரும்பினார்கள். வாரம் தவறாமல் வந்துபோனவன் நான்தானே. மனைவிகூடப் பார்த்தாள்.

"நான்தான் சாப்பிட்டேன்" என்றார் அத்தை.

நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்ப பெரியம்மா?" மச்சானின் குரல் கீழே இறங்கியிருந்தது.

"காலைல. பல்லு வெளக்கிட்டு."

"எல்லாரும் வராங்கன்னு தெரியும்லா... ஒரு போட்டோவாச்சும்..."

"ஒரு பழம். பதினெட்டு பேரு. ஆளுக்கு ஒரு நக்கு நக்கவா வந்தீங்க? சாப்பாடு ஆறுது, உக்காருங்க."

பிறகு யாரோ மெல்லக் கேட்டார்கள். "எப்படி இருந்துச்சி?"

அத்தை யோசித்தார். "புளிப்பு. கொட்ட கிட்ட போறப்ப கொஞ்சம் இனிப்பு. தோலு தடிப்பு."

பிறகு சாப்பிட்டார்கள். துக்க வீட்டில் சாப்பிடுவதுபோல் ஆரம்பித்து, ஆட்டுக்கறி வந்ததும் தேறிவிட்டார்கள். ரிப்பன் கட்டிய கத்தி வீணாகக் கூடாது என்று சூப்பர்மார்க்கெட் ஆப்பிள்களை நறுக்கினார்கள். மச்சானும் தேறினார். ஒரு கடை ஆப்பிளை எடுத்து நூலால் கிளையில் கட்டினார், ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பின்பக்கம் போகும்படி. அதன் கீழே எல்லோரும் முறைபோட்டு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தையையும் பிடித்து நிற்க வைத்தார்கள். எல்லாப் படத்திலும் அவர் ஒரே முகத்தோடு இருக்கிறார், அடையாள அட்டைக்கு நிற்பது போல.

நான்கு மணிக்குக் கார்கள் போய்விட்டன. மனைவி உள்ளே பாத்திரங்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வலித்தது. பதினெட்டு பேரில் ஒருவனாக என்னையும் சேர்த்துவிட்டாரே என்று இருந்தது. ஐம்பத்தைந்து வயதில், ஒரு துண்டு புளிப்புப் பழத்துக்காகத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை தானாகவே சொன்னார்.

"காலைல அவுத்துப் பாத்தேன் மாப்ள. சும்மா பாக்கத்தான். கையில தானா வந்திருச்சி, இழுக்கவே இல்ல." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார், இன்னும் அங்கே இருப்பதுபோல. "சூடா இருந்திச்சி. இருவது வருஷம் ஐஸு ஆப்பிளுதான் தொட்டிருக்கேன். வெரலு மரத்துப் போயி, எது கை எது பழம்னு தெரியாது. சூடான ஆப்பிளு இன்னிக்குத்தான் தொட்டேன்."

நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"பாதி ஒங்களுக்குன்னு சத்தியமா நெனச்சேன். தட்டுகூட எடுத்து வெச்சேன். கடிச்சப்புறம் நிறுத்த முடியல." கொஞ்சம் வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "கொட்டையும் முழுங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தையும் சிரித்தார். மனைவி வாசலில் வந்து நின்று, இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கிளம்பும்போது அத்தை எழுந்து போய், மச்சான் கட்டிய நூலை அறுத்து அந்தக் கடை ஆப்பிளை என் கையில் வைத்தார்.

"ரயிலு எங்கயாச்சும் நிக்கும். அப்ப சாப்புடுங்க. மார்கழிக்கு முன்னாடி எல கிள்ள வரணும், இப்பவே சொல்லிட்டேன்."

ரயில் சுபாங் நிலையத்துக்கு முன்னால் நின்றது. மனைவி பாதியை வேண்டாம் என்றுவிட்டாள், கடை ஆப்பிள் யாருக்கு வேண்டும் என்று. நான் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுக் கடித்தேன். மதியம் முழுக்க வெயிலில் தொங்கியதில் அதுவும் சூடாகத்தான் இருந்தது. நல்ல இனிப்பு, பேருக்குக்கூடப் புளிப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.